சந்தா டிசைன் மென்பொருளை விட்டு கட்டற்ற மென்பொருளுக்கு மாறுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக், புத்தக லேஅவுட், பிளெக்ஸ் என்று தமிழில் வேலை செய்யும் சிறிய டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) கடைகளையும் தனியாக வேலை பார்க்கும் டிசைனர்களையும் மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது "போட்டோஷாப்புக்குப் பதில் எது?" என்றுதான். ஆனால் மாறும்போது இடறுவது மென்பொருளில் இல்லை. எழுத்துருவிலும் பழைய கோப்புகளிலும்தான். அந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே நீளமாக இருக்கும்.

எந்த மென்பொருளுக்குப் பதில் எது?

போட்டோஷாப்பில் படத்தைத் திருத்துகிறவர்களுக்கு கிம்ப். போட்டோஷாப்பில் வரைகிறவர்களுக்கு கிரிட்டா. இல்லஸ்ட்ரேட்டருக்கும் கோரல்டிராவுக்கும் இங்க்ஸ்கேப். இன்டிசைனுக்கும் பேஜ்மேக்கருக்கும் ஸ்கிரைபஸ். லைட்ரூமுக்கு டார்க்டேபிள். பிரீமியருக்கு கேடென்லைவ். முப்பரிமாணத்துக்கு பிளெண்டர். ஒலிக்கு ஆடாசிட்டி.

ஒரு கடைக்கு இவ்வளவும் தேவைப்படாது. அச்சு வேலை பார்க்கும் கடை என்றால் கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் மூன்றும் போதும். கோரலில் எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் முடித்துப் பழகியவர்களுக்கு இப்படிப் பிரித்துச் செய்வது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். படம் கிம்பில், லோகோ இங்க்ஸ்கேப்பில், பக்கம் கட்டுவது ஸ்கிரைபஸில் என்று வேலையைப் பிரிக்கப் பழகினால் பாதி தலைவலி போய்விடும்.

உண்மையிலேயே இலவசமா? நாளைக்குக் காசு கேட்டால்?

கேட்டாலும் உங்களைக் கட்டிப்போட முடியாது என்பதுதான் கட்டற்ற மென்பொருளின் அடிப்படை. மூல நிரலே பொது உரிமத்தில் வெளியாகிவிட்டதால், நாளைக்கு ஒரு குழு மனம் மாறினாலும் இருக்கிற பதிப்பை எடுத்து இன்னொரு குழு தொடரலாம். இங்க்ஸ்கேப்பே அப்படிப் பிறந்ததுதான்: 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. பிளெண்டரின் கதை இன்னும் சுவையானது. அதை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, டான் ரோசெண்டால் பொதுமக்களிடம் 1,00,000 யூரோ திரட்டி உரிமையை வாங்கி, நிரலைத் திறந்துவிட்டார். அதே பிளெண்டரில் செய்த லாட்வியப் படம் 'ஃப்ளோ' 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

"இலவசம்" என்ற ஒரே சொல்லை நம்பிவிட வேண்டாம். டாவின்சி ரிசால்வ் இலவசமாகக் கிடைக்கிறது, கட்டற்றது இல்லை. போட்டோபியாவும் அப்படியே. அஃபினிட்டியை கேன்வா 2024இல் வாங்கியது, 2025இல் இலவசமாக்கியது. நல்ல மென்பொருள்தான், பயன்படுத்துங்கள். ஆனால் அந்த முடிவு ஒரு கம்பெனியின் முடிவு. இலவசமாக்கியவர்களுக்கு அதைத் திரும்ப எடுக்கவும் தெரியும்.

மாதச் சந்தா கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே? அதில் என்ன குறை?

சிலருக்கு ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டு ஏஜென்சிக்கு வேலை செய்து மாதாமாதம் இன்டிசைன் கோப்பாகவே கொடுக்க வேண்டியவர் சந்தாவைத் தொடரட்டும்.

மற்றவர்கள் யோசிக்க வேண்டியது பணம் மட்டும் இல்லை. போட்டோஷாப், இன்டிசைன் தயாரிக்கும் அடோபி, ஒரே தடவை பணம் கட்டி வாங்கும்படி கடைசியாக விற்ற தொகுப்பு 2012இல் வந்த சிஎஸ்6. இனி சந்தா மட்டும்தான் என்று 2013 மே மாதம் அறிவித்தார்கள். அதன் பிறகு நம் கணினியில் இருக்கும் மென்பொருளின் சாவி நம்மிடம் இல்லை. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசின் ஒரு உத்தரவைக் காரணம் காட்டி, வெனிசுலாவில் எல்லாருடைய கணக்கையும் நிறுத்தப்போவதாக அடோபி அறிவித்தது. பிறகு விலக்கு கிடைத்துத் தொடர்ந்தது. 2022இல் பான்டோன் என்ற நிறுவனத்தின் தர நிறங்கள் போட்டோஷாப்பை விட்டு வெளியேற, பழைய கோப்புகளில் அந்த நிறம் இருந்த இடமெல்லாம் கறுப்பாகத் திறந்தது. நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலே உங்கள் பழைய வேலை மாறிப்போகலாம் என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

எங்கள் கடையில் எல்லாம் கிராக் போட்டதுதான். சந்தாவே கட்டவில்லை. நாங்கள் ஏன் மாற வேண்டும்?

நம் ஊரில் இதுதான் நேர்மையான கேள்வி. நிறையக் கடைகளில் ஓடுவது பழைய பேஜ்மேக்கரும் கிராக் போட்ட கோரலும்தான் என்பது ஊருக்கே தெரியும்.

முதலில் சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்று ஒரு தளர்வு உண்டு. கடை நடத்துகிறவருக்கு அது உதவாது.

சட்டத்தைவிட அன்றாடம் கடிப்பது வேறு. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் கிராக்கை ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய கணினியில்தான் வாடிக்கையாளரின் ஆதார் நகலும் உங்கள் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. புதுக் கணினிக்கு மாறும்போது பழைய பேஜ்மேக்கர் ஓடுமா என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதைப் பிடித்துத் தொங்குவதற்கும் ஒரு எல்லை உண்டு.

பாமினி, செந்தமிழ், வானவில், ஸ்ரீலிபி எழுத்துருக்களில் இத்தனை வருடம் வேலை செய்திருக்கிறோம். அவை புது மென்பொருளில் வேலை செய்யுமா?

டிடிஎஃப் கோப்பாக இருந்தால் பெரும்பாலும் வேலை செய்யும். அடோபியின் பழைய டைப்1 வகை என்றால் கிம்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் வராது. அடோபியுமே 2023 ஜனவரியில் டைப்1 ஆதரவை நிறுத்திவிட்டது, அதனால் அங்கே இருந்தாலும் கதை இதுதான்.

ஆனால் "வேலை செய்யும்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். பாமினியில் அடித்த கோப்புக்குள் தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் உள்ளே இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துருவை மாற்றினால் வேடம் கலைந்துவிடும். அதில் தேட முடியாது, வலைத்தளத்தில் போட முடியாது, மின்னூலாக்க முடியாது, வாட்ஸாப்பில் அனுப்பினால் எதிராளிக்குக் குப்பையாகத் தெரியும். உங்கள் வேலையைக் கட்டிப்போட்டிருப்பது அடோபி பாதி, இந்த எழுத்துருக்கள் பாதி. மென்பொருளை மட்டும் மாற்றிவிட்டு பாமினியிலேயே தொடர்ந்தால் பாதிச் சிறையிலிருந்துதான் வெளியே வந்திருக்கிறீர்கள்.

அதனால் என் யோசனை: மென்பொருளை மாற்றும் முன்பே, தமிழ் எழுத்துகளுக்கு எல்லாக் கணினிக்கும் பொதுவான தனிக் குறிகள் தரும் யூனிகோடுக்கு மாறுங்கள். இன்றைக்கு வரும் புது வேலையிலிருந்தே ஆரம்பிக்கலாம், இருக்கிற மென்பொருளிலேயே ஆரம்பிக்கலாம். இன்டிசைன் என்றால் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் ஒழுங்காக வரும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று அரசாணை போட்டுவிட்டது; பதிப்பகங்களும் ஆசிரியர்களும் இப்போது வேர்டில் யூனிகோடாகத்தான் அனுப்புகிறார்கள். அதை வாங்கி பாமினிக்கு மாற்றி, திருத்தம் பார்த்து, பிறகு மின்னூலுக்காகத் திரும்ப யூனிகோடாக்குவது எந்த ஊர் நியாயம்?

பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்றுவது எப்படி?

என்எச்எம் கன்வெர்ட்டர் நிறையப் பேருக்குத் தெரியும். நிரல் எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பிலும் குறியாக்க மாற்றிகள் இருக்கின்றன.

மாற்றிய பிறகு மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள். பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழும் ஆங்கிலமும் ஒரே குறிகளைப் பங்குபோடுவதால், ஆங்கிலப் பெயர்களையும் மாற்றி அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். இரண்டு, மேற்கோள் குறிகளும் ஸ்ரீ, ஔ போன்றவையும். மூன்று, இணைய முகவரிகள், மின்னஞ்சல்கள்.

எல்லாப் பழைய கோப்பையும் மாற்ற உட்காராதீர்கள். மறுபதிப்பு வரும் புத்தகத்தை அப்போது மாற்றினால் போதும். புது எழுத்துருவின் அகலம் வேறு என்பதால் பக்க எண்கள் நகரும், பொருளடக்கமும் மாறும். அதற்கான கூலியைப் பதிப்பாளரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

யூனிகோடில் அழகான தமிழ் எழுத்துருக்களே இல்லையே?

பத்து வருடத்துக்கு முன் அது சரி. இப்போது கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலு தம்பி, அனேக் தமிழ், மீரா இனிமை, நோட்டோ செரிஃப் தமிழ், அரிமா என்று கட்டற்ற உரிமத்திலேயே பட்டியல் நீள்கிறது. இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் கையெழுத்துப் பாணியில் இருக்கும். பத்திரிகை உள்ளுரைக்கு அழகாக உட்காரும். இவற்றையெல்லாம் வணிக வேலையில் தாராளமாகப் பயன்படுத்தலாம். கோப்போடு சேர்த்து அனுப்பலாம், பிரஸ்காரரும் தன் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்.

அலங்காரத் தலைப்பு எழுத்துக்களில் மட்டும் பற்றாக்குறை உண்மைதான். கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகைக்கும் கட்சி பிளெக்ஸுக்கும் வேண்டிய தடித்த, வளைந்த தலைப்பெல்லாம் இன்னும் பழைய குறியாக்கத்தில்தான் கிடக்கிறது. தலைப்பை மட்டும் இங்க்ஸ்கேப்பில் பழைய எழுத்துருவில் அடித்து, பாதையாக மாற்றிவிடுங்கள். அதன் பிறகு அது ஒரு படம், எழுத்துரு தேவையில்லை. அந்த எழுத்துருவுக்கு உரிமம் உங்களிடம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

எங்கள் ஆபரேட்டர் டைப்ரைட்டர் முறையில்தான் அடிப்பார். அவரை மாற்றச் சொன்னால் வேலையை விட்டுப் போய்விடுவார்.

மாற்ற வேண்டாம். விரல் பழக்கம் ஒன்று, குறியாக்கம் வேறு. லினக்ஸில் ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சுக் கருவியைப் போட்டால் பழைய தட்டச்சு முறை, தமிழ்99, ஒலிபெயர்ப்பு எல்லாமே இருக்கின்றன. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் உண்டு. அவர் அடிக்கிற மாதிரியே அடிக்கட்டும். திரையில் விழுவது மட்டும் யூனிகோடு.

ஸ்கிரைபஸில் தமிழ் உடைந்து வரும் என்று கேள்விப்பட்டோம்.

பழைய 1.4 பதிப்பில் உடையும். கொம்பும் கால்வாங்கியும் இடம் மாறி, "கொ" என்று அடித்தால் கண்ணில் ரத்தம் வரும். அந்தக் காலத்தில் முயன்றுபார்த்துவிட்டு ஒதுக்கியவர்கள் சொல்வதுதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதைச் சரிசெய்த கதை கேட்க வேண்டியது. ஓமன் நாட்டில் ஒரு திறமூலக் குழு, அரபி எழுத்து ஸ்கிரைபஸில் சரியாக வர வேண்டும் என்று ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து அடுக்கும் நிரலை உள்ளே கொண்டுவந்தது. அரபிக்காகச் செய்த வேலையில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே சரியாகிவிட்டன. 1.5 வரிசையில் சோதனையாக வந்தது, 2024 ஜனவரியில் வெளியான 1.6 நிலைப்பதிப்பில் எல்லாருக்கும் கிடைக்கிறது. பழைய பதிப்பு இருந்தால் தூக்கிவிட்டு 1.6ஐப் போடுங்கள்.

இது தாங்குமா என்று சந்தேகம் உள்ளவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கேரளத்தில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழ் ஜனயுகம் 2019இல் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. பக்கம் கட்ட ஸ்கிரைபஸ், படத்துக்கு கிம்ப், அடியில் இயங்குதளமாகக் குபுண்டு லினக்ஸ். கூடவே யூனிகோடு மலையாள எழுத்துருக்கள். அதற்கு ரச்சனா எழுத்துரு நிறுவனம் கைகொடுத்தது. தினமும் ராத்திரி நேரத்துக்குப் பக்கம் போயாக வேண்டிய நாளிதழுக்கே முடிகிறது என்றால் நம் 96 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு முடியாதா? அங்கேயும் மென்பொருளும் எழுத்துருவும் சேர்ந்துதான் மாறின என்பதைக் கவனியுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரைபஸில் அட்டவணை போடுவது இன்டிசைன் அளவுக்குச் சுகமில்லை. 500 பக்கப் புத்தகத்தை ஒரே கோப்பாக வைத்தால் மந்தமாகும். அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

கிம்பில் சிஎம்ஒய்கே இல்லையாமே? ஆப்செட்டுக்கு எப்படிக் கொடுப்பது?

சிஎம்ஒய்கே என்பது சியான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளின் கலவை. கிம்ப், திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையான ஆர்ஜிபியில்தான் வேலை செய்யும். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் சிஎம்ஒய்கேயில் எப்படித் தெரியும் என்று திரையிலேயே பார்க்கலாம், ஜேபெக், டிஃப், பிஎஸ்டி கோப்புகளை சிஎம்ஒய்கேயாக ஏற்றுமதியும் செய்யலாம். நேரடியாக சிஎம்ஒய்கேயிலேயே தீட்ட வேண்டுமென்றால் கிரிட்டா இருக்கிறது.

ஆனால் அச்சில் உண்மையாக மாட்டுகிற இடம் படம் இல்லை, கறுப்பு எழுத்து. ஆர்ஜிபியில் வைத்த கறுப்பு எழுத்தை சிஎம்ஒய்கேயாக மாற்றினால் அது நான்கு மையிலும் பிரிந்துபோகும். நான்கு பிளேட்டில் ஒன்று ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். ஆங்கிலத்தில் அது தப்பித்துவிடலாம். தமிழில் ண, ஞ, ஐ இவற்றின் சுழிகளுக்குள் மை அடைத்துக்கொண்டு 9 புள்ளி எழுத்து படிக்கவே வராது.

அதனால் எழுத்தை கிம்பில் வைக்கவே வைக்காதீர்கள். பின்னணிப் படத்தை மட்டும் கிம்பில் செய்து, எழுத்தையெல்லாம் ஸ்கிரைபஸில் அடித்து, நிறத்தில் கறுப்பு 100, மற்ற மூன்றும் 0 என்று வைத்து, அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ் வகையில் ஏற்றுமதி செய்யுங்கள். ஸ்கிரைபஸில் பிளேட் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் அச்சு முன்னோட்டம் உண்டு. சியான், மஜென்டா, மஞ்சள் மூன்றையும் அணைத்துப் பாருங்கள், எழுத்து முழுசாக நிற்க வேண்டும். பத்திரிகையில் தங்க மை, ஃபாயில் என்று தனி நிறம் வந்தால் அதை ஸ்பாட் நிறமாக வைக்கவும் வசதி இருக்கிறது.

இங்க்ஸ்கேப்பும் ஆர்ஜிபிதான். லோகோவை எஸ்விஜி என்ற கோட்டுவடிவக் கோப்பாக ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்து, அங்கே நிறங்களை சிஎம்ஒய்கே எண்களாக மாற்றுங்கள். மங்கலாக்கல் போன்ற விளைவுகள் தாண்டி வராது, எழுத்தை முன்பே பாதையாக்கிவிட வேண்டும்.

பிளெக்ஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கோப்பை மைப்புள்ளிகளாக்கி அனுப்பும் பிளெக்ஸ் மெஷினின் ரிப் மென்பொருளே நிறத்தை மாற்றிக்கொள்ளும்; பெரும்பாலான கடைகள் ஜேபெக், டிஃப்தான் கேட்கின்றன. மாறுவதற்கு மிகச் சுலபமான தொழில் பிளெக்ஸ்தான் என்பேன்.

பழைய சிடிஆர், பிஎஸ்டி, இன்டிசைன் கோப்புகள் திறக்குமா?

கோரலின் சிடிஆர் இங்க்ஸ்கேப்பில் திறக்கும். வடிவங்கள் வரும், எழுத்தும் விளைவுகளும் ஆடிப்போகும். இல்லஸ்ட்ரேட்டர் கோப்பு, பிடிஎஃப் பொருத்தத்தோடு சேமித்திருந்தால் திறக்கும். பிஎஸ்டி கிம்பிலும் கிரிட்டாவிலும் லேயரோடு வரும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் போன்றவை அப்படியே வரும் என்று நம்ப வேண்டாம். இன்டிசைனின் சொந்தக் கோப்பு எங்கேயும் திறக்காது. இன்டிசைனின் பரிமாற்ற வடிவமான ஐடிஎம்எல்லாக மாற்றிக்கொடுத்தால் ஸ்கிரைபஸ் ஏற்கும், பக்கத்தை ஓரளவு திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆக, சந்தா உயிரோடு இருக்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ள வேண்டிய வேலை இது. அடிக்கடி திரும்பி வரும் வாடிக்கையாளர்களின் லோகோக்களை எஸ்விஜியாகவும் பிடிஎஃபாகவும், இன்டிசைன் வேலைகளை ஐடிஎம்எல்லாகவும், முக்கியமான படங்களை டிஃபாகவும் எடுத்துவையுங்கள். ஐந்து வருடமாக யாரும் தொடாத நோட்டீஸை அப்படியே விட்டுவிடலாம். அடோபி ஃபான்ட்ஸ் மூலம் வந்த எழுத்துருக்கள் சந்தாவோடு சேர்ந்தே போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்; அவற்றை வைத்துச் செய்த லோகோ இருந்தால் பாதையாக மாற்றிய பிரதி ஒன்று வேண்டும்.

நான் கல்யாண ஆல்பம் டிசைனர். மாறலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பேன். 12க்கு 36 அங்குலத் தாள்களுக்கு ஆயிரக்கணக்கான பிஎஸ்டி டெம்ப்ளேட், ஆக்‌ஷன், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்று உங்கள் வேகமே போட்டோஷாப்பின் மேல்தான் நிற்கிறது. முகூர்த்த மாதத்தில் அதைக் கலைத்தால் பிழைப்பு கெடும். டார்க்டேபிளில் கேமராவின் ரா கோப்புகளைத் திருத்துவதில் தொடங்குங்கள், லைட்ரூமை விடலாம். மேலும் ஒரு தகவல்: லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்றாலும் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம், டெவலப், மேப் பகுதிகள் பூட்டிவிடும்.

கல்யாண வீடியோ எடிட்டிங்?

நேரடி எடிட்டிங்குக்கு கேடென்லைவ் போதும். எடிட் செய்யும்போது வீடியோவின் சிறிய நகலை வைத்து ஓட்டும் ப்ராக்ஸி வசதி இருப்பதால் சுமாரான கணினியிலும் 4கே ஓடும். நிறத் திருத்தம்தான் உங்கள் பெயரைச் சொல்கிறது என்றால் ரிசால்வ் பக்கம் போங்கள்.

பழக எவ்வளவு நாளாகும்? ஷார்ட்கட் எல்லாம் மாறிவிடுமே?

இங்க்ஸ்கேப்பின் விருப்பத்தேர்வில் கோரல், இல்லஸ்ட்ரேட்டர் ஷார்ட்கட் தொகுப்புகள் உள்ளேயே இருக்கின்றன. கிரிட்டாவிலும் போட்டோஷாப் தொகுப்பு உண்டு. கிம்புக்கு போட்டோகிம்ப் என்ற ஒட்டு, தோற்றத்தையும் விசைகளையும் போட்டோஷாப் மாதிரி மாற்றித்தரும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பழைய வீட்டின் சுவிட்ச் இருந்த இடத்தில் கை தடவிக்கொண்டே இருப்பது போலாகிவிடும். கிம்பை கிம்பாகவே பழகியவர்கள் சீக்கிரம் வேகம் பிடித்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவசரமில்லாத, திரும்பத் திரும்ப வரும் ஒரு வேலையை முதலில் எடுங்கள். விசிட்டிங் கார்டு நல்லது. அது கைவந்ததும் லெட்டர்ஹெட், பில் புக். புத்தகத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண சீசனில் எதையும் தொடங்க வேண்டாம்.

லினக்ஸுக்கும் மாற வேண்டுமா?

வேண்டாம். எல்லாமே விண்டோஸில் ஓடும். முதலில் மென்பொருளை மாற்றிவிட்டால், பிறகு இயங்குதளத்தை மாற்றுவது ஒரு நாள் வேலை. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டதால், 11ஐ ஏற்காத பழைய கணினி இருந்தால் அதில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம்.

பிரஸ்காரர் சிடிஆர் கோப்புதான் வேண்டும் என்கிறார்.

"பிடிஎஃப் தந்தால் பிளேட் போடுவீர்களா?" என்று ஒருமுறை கேளுங்கள். எழுத்தெல்லாம் பதிந்த பிடிஎஃப் அவருக்கும் நிம்மதி; எழுத்துரு இல்லை என்று ராத்திரியில் போன் பண்ண வேண்டியதில்லை. அவர் சிடிஆர் கேட்பதற்குக் காரணம், கடைசி நேரத் திருத்தத்தை அவரே போடலாம் என்பது. "திருத்தம் இருந்தால் பத்து நிமிடத்தில் புது பிடிஎஃப் தருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி நடந்தால் ஒத்துக்கொள்வார். அப்படியும் ஒத்துக்கொள்ளாத பிரஸ் இருக்கத்தான் செய்யும். அந்த வேலைகளுக்கு மட்டும் கோரல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வேண்டும்.

ஏஐ வசதிகள்?

போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் அளவுக்கு கிம்பில் உள்ளேயே எதுவும் இல்லை. தேவையில்லாத ஆளை அழிக்க ரீசிந்தசைசர் என்ற பழைய செருகுநிரல் நன்றாகவே உதவும். ஏஐதான் உங்கள் பிழைப்பு என்றால் இப்போது மாற வேண்டாம்.

சந்தாவை எப்போது, எப்படி நிறுத்துவது?

திட்டம் எது என்று முதலில் பாருங்கள். மாதாமாதம் பணம் போகிறது என்பதாலேயே அது மாதத் திட்டம் ஆகிவிடாது. அடோபியில் "வருடாந்தரம், மாதத் தவணை" என்று ஒரு திட்டம் இருக்கிறது. நடுவில் நிறுத்தினால் மீதித் தவணைகளில் பாதியைக் கட்டணமாகக் கேட்கும் விதி அதற்கு உண்டு. அந்தக் கட்டணத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 ஜூனில் அடோபி மீது வழக்குப் போட்டது. உங்கள் கணக்குப் பக்கத்தில் வருடம் முடியும் தேதியைப் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள். அந்தத் தேதிக்குள் கோப்பு மாற்றும் வேலையை முடித்துவிட்டால் நிறுத்துவதில் வருத்தம் இருக்காது.

எங்கிருந்து இறக்குவது?

அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். 2022இல் கிம்ப் பெயரில் வந்த கூகுள் விளம்பரம் ஒன்று ஆட்களைப் போலித் தளத்துக்குக் கொண்டுபோய் வைரஸ் இறக்கவைத்தது. கிரிட்டா கடைகளில் விலைக்கும் கிடைக்கும். அது அவர்களுக்கு நன்கொடை மாதிரி, தளத்தில் அதே மென்பொருள் இலவசம்.

மாட்டிக்கொண்டால் தமிழில் யாரைக் கேட்பது?

மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் பாடங்கள் தமிழ்க் குரலோடு கிடைக்கின்றன. சின்னச் சின்ன வீடியோக்கள், ஆபரேட்டருக்குக் காட்டலாம். கணியம் மின்னிதழ் 2012இலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரத்தில் விக்லக், காஞ்சிபுரத்தில் காஞ்சி லக் என்று நேரில் போய்க் கேட்கக்கூடிய குழுக்களும் உண்டு. கேட்கும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாமல், மென்பொருளின் பதிப்பு எண், எழுத்துருவின் பெயர், திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்) மூன்றையும் அனுப்புங்கள். தமிழ் உடைகிற சிக்கலில் பத்துக்கு எட்டு, பழைய பதிப்பாகவோ பழைய எழுத்துருவாகவோதான் இருக்கும்.